விதையில இருந்து ஆஷ் மரம் போன்சாய்: கோத்தகிரி குளிர் பத்துமா?

கோத்தகிரி_பச்சை:

வணக்கம் எல்லாருக்கும். என் மச்சான் நைனிடால் பக்கம் வேலை பாக்குறார், தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு பேப்பர் கவர்ல விதை கொண்டாந்து குடுத்தார், அங்க மலைச்சரிவுல நிக்குற ஆஷ் மரத்தடியில பொறுக்குனதாம். எனக்கு போன்சாய் பைத்தியம்னு அவருக்கு நல்லாவே தெரியும். இதுவரைக்கும் நான் வளத்தது எல்லாம் ஆல், இச்சி, ஜேட் செடி இந்த மாதிரிதான், குச்சிய வெட்டி வச்சா வேர் விட்டுரும், வெட்டுன இடத்துல துளுக்கும், தலைவலி கிடையாது. இலை உதிர்க்குற மரம், அதுவும் விதையில இருந்துன்னா எனக்கு புதுசு.

நெட்ல தேடுனா எல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கா ஆளுங்க எழுதுனதுதான் வருது, விதைச்சு தொட்டிய வெளிய போட்டுட்டா பனிக்காலம் மத்தத பாத்துக்கும்னு ஒரு வரியில முடிச்சுடறாங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி பனிக்கு எங்க போறது? டிசம்பர் ராத்திரி கோத்தகிரில நல்லா குளிரும்தான், ஆனா காலைல பத்து மணிக்கு வெயில் ஏறுச்சுன்னா ஸ்வெட்டர கழட்டி தோள்ல போடணும்.

எனக்கு தெரிய வேண்டியது இவ்வளவுதான். விதைய எப்படி முளைக்க வைக்கறது, ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்ங்கறாங்களே அது நிஜமாவே தேவையா (அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கணும், மீன் வைக்கவே இடமில்லன்னு ஏற்கனவே பாட்டு). மண்ணு நம்ம தேயிலைத் தோட்டத்து செம்மண் ஆகுமா. அடிமரம் தடிக்க தரையில வைக்கறதா தொட்டியிலயே வளக்கறதா, தரைன்னா எங்க பக்கம் காட்டெருமை ராத்திரி கேட்ட தள்ளிட்டு உள்ள வருது, அதுவும் ஒரு பிரச்சனை. அப்புறம் முக்கியமா, இந்த மரம் போன்சாய்க்கு லாயக்கா இல்லையா, பழகுனவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க.

மஞ்சூர்_அக்கா:

தம்பி, விதைக்கறதுக்கு முன்னாடி அது ஆஷ் விதைதானான்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க. ஆஷ் விதைக்கு இறக்கை ஒண்ணுதான், விதை ஒரு நுனியில உருண்டு ஒல்லியா இருக்கும், மிச்சம் பூரா மெல்லிசா தட்டையா போகும். விதை இறக்கைக்கு நட்டநடுவுல உக்காந்திருந்தா அது ஆஷ் இல்ல, நம்ம பீநாறி மரத்தோட சொந்தக்காரன், அந்த ஜாதி மரத்தையும் வடக்க நிறைய நட்டு வச்சிருக்காங்க. ரெண்டு இறக்கை ஜோடியா ஒட்டியிருந்தா மேப்பிள். அந்த மலையில ஆஷ்ல ரெண்டு வகை உண்டு, ஃப்ராக்சினஸ் ஃப்ளோரிபண்டா, ஃப்ராக்சினஸ் மைக்ராந்தான்னு, விதைய வச்சு ரெண்டையும் பிரிக்கறது கஷ்டம், எதுவா இருந்தாலும் செய்முறை ஒண்ணுதான்.

அடுத்தது உயிர் இருக்கான்னு பாக்கறது. நாலஞ்சு விதைய தியாகம் பண்ணிடுங்க. ராத்திரி தண்ணியில ஊற போட்டு காலைல புது பிளேடால நீளவாக்குல மெதுவா கீறுங்க. மேல்தோல் நார்நாரா கிழியும், உள்ள பழுப்பா ஒல்லியா விதை, அதையும் பிளந்தா நடுவுல வெள்ளையா ஒரு கரு படுத்திருக்கும், கண்ண கிட்ட கொண்டு போனா ரெண்டு சின்ன இலையும் ஒரு வேர் நுனியும் தெரியும். வெள்ளையா கெட்டியா இருந்தா நல்ல விதை. மஞ்சளாகி கொழகொழன்னு இருந்தா, இல்ல புழு குடைஞ்சு பொடியா கொட்டுனா அவுட்டு. தண்ணியில போட்டு மிதக்குதா முங்குதான்னு பாக்கற வேலை இதுக்கு ஆகாது, இறக்கை இருக்கறதால நல்லதும் மிதக்கும்.

இப்ப ஃப்ரிட்ஜ் விஷயம். கண்டிப்பா தேவை. காரணம் தெரிஞ்சுகிட்டா அம்மாகிட்ட பேச வசதியா இருக்கும். ஐரோப்பா ஆஷ் எடுத்துக்கோங்க (எக்செல்சியர்), விதை மரத்துல இருந்து விழும்போது உள்ள இருக்கற கரு முழுசா வளந்திருக்காது. ஈரமும் இதமான சூடும் கொஞ்ச மாசம் கிடைச்சாதான் அது விதைக்குள்ளயே வளந்து முடிக்கும். அதுக்கப்புறம் குளிர் கொஞ்ச மாசம் படணும், அப்பதான் தூக்கம் கலையும். அதனாலதான் அங்க ஒரு இலையுதிர் காலத்துல விழுந்த விதை அடுத்த வசந்தத்துல வராம, அதுக்கும் அடுத்த வசந்தத்துலதான் முளைக்கும், சுமார் 18 மாசம். உங்க இமயமலை ஆஷ் அந்த அளவுக்கு அடம் புடிக்குமான்னு பந்தயம் கட்ட வேண்டாம், விதைய ரெண்டு பங்கா பிரிச்சுடுங்க.

ஒரு பங்கு நேரா ஃப்ரிட்ஜுக்கு. ரெண்டு நாள் தண்ணியில ஊற வைங்க, தினமும் தண்ணி மாத்துங்க. கழுவுன ஆத்து மணல், இல்ல நல்லா அலசி பிழிஞ்ச கோகோபீட், கையில புடிச்சு அமுக்குனா ஒரு சொட்டு வந்தா போதும், ஒழுகக் கூடாது. அதுல விதைய கலந்து மூடி போட்ட டப்பாவுல போட்டு காய்கறி வைக்கற கீழ் தட்டுல வைங்க, 3ல இருந்து 5 டிகிரி இருக்கும். ஃப்ரீசர்ல வேண்டவே வேண்டாம். வாரம் ஒருக்கா திறந்து காத்து விட்டு பூசணம் புடிச்சிருக்கான்னு பாத்துட்டு மூடுங்க. மூணு மாசம்.

இன்னொரு பங்கு அதே மாதிரி டப்பாவுல போட்டு முதல்ல வெளிய, 15ல இருந்து 20 டிகிரிக்குள்ள ரெண்டு மூணு மாசம். இதுக்கு வெளிநாட்டுக்காரன் ஹீட்டர் மேட் வாங்குறான், உங்களுக்கு கோத்தகிரில சமையல்கட்டு அலமாரியே அந்த டெம்பரேச்சர்தான். அப்புறம் மூணு நாலு மாசம் ஃப்ரிட்ஜ். டப்பாவுக்குள்ள வெள்ளையா வேர் நுனி எட்டிப் பாத்துச்சுன்னா தேதி பாக்காம அத மட்டும் எடுத்து விதைச்சுடுங்க.

இன்னொண்ணு, குளிர் முடிஞ்சு வெளிய எடுத்த விதைக்கு திடீர்னு சூடு பட்டா திரும்ப தூங்கப் போயிடும், ஆஷ்ல இது நிஜமான பிரச்சனை. நிழலா குளிர்ச்சியா இருக்கற இடமா பாத்து விதைங்க. நேரா ஃப்ரிட்ஜுக்கு போன பங்கு பிப்ரவரியில வெளிய வரும், அது நல்ல நேரம். ரெண்டாவது பங்கு மே, ஜூன்ல வரும், அப்ப மழை ஆரம்பிச்சுடும், நாத்து கழுத்துல அழுகி சாயும். மேலாக்க அரை இஞ்சு வெறும் மணல் போட்டு, டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல தடுக்கற நல்ல பூஞ்சை) கலந்து, மழை நேரா படாம மேல ஷீட் கட்டிடுங்க.

முளைச்சதும் பயந்துடாதீங்க. முதல்ல ரெண்டு நீள வித்திலை வரும். அதுக்கு அடுத்த ஜோடி தனித்தனி இலையா ஓரம் பல்லு வெட்டி வரும், ஆஷ் மாதிரியே இருக்காது. அதுக்கும் அடுத்தது மூணு மூணா வரும், அப்புறம்தான் வேப்பிலை வரிசை மாதிரி முழுக் கூட்டிலை. களைன்னு நினைச்சு புடுங்கிப் போட்டுடாதீங்க.

கொடை_வில்பட்டி:

அக்கா சொன்னது அத்தனையும் கரெக்ட்டு. ஆனா அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கன்னு கேட்டாருல்ல, அதனால நான் சொல்றேன். தம்பி, இது போன்சாய்க்கு சொகமான மரம் இல்ல. ஃப்ளோரிபண்டாவோட ஒரு முழு இலை ஒரு அடி நீளம் வரும், அதுல ஏழோ ஒம்போதோ சிற்றிலை. கணுவுக்கு கணு இடைவெளி ஜாஸ்தி. நீங்க இச்சியில பாத்த மாதிரி சின்ன சின்னதா கிளை பிரிஞ்சு உச்சி அடர்த்தியா வரணும்னு எதிர்பாத்தா ஏமாந்து போவீங்க. டேபிள் மேல வைக்கற சைசுன்னு மனசுல இருந்தா இப்பவே விட்டுருங்க. ரெண்டடிக்கு மேல, மூணடி மரம்னா அழகா வரும், அடிமரமும் இலையும் அப்பதான் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகும்.

ஆஷே வேணும்னு ஒரே பிடிவாதம்னா கிரிஃபித்தியைன்னு ஒரு வகை இருக்கு, தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்து மரம், இலை சின்னது, பளபளன்னு இருக்கும், பெரும்பாலும் பசுமை மாறாது, ஃப்ரிட்ஜ் குளிரும் தேவைப்படாது. ஜப்பான்ல வீட்டு வாசல்ல வைக்கறாங்க. இல்லையா, அதே குடும்பத்துல ஆலிவ் இருக்கு, ப்ரிவெட் இருக்கு. பழைய பங்களா வேலி ப்ரிவெட் எங்கயாவது புடுங்கிப் போடறாங்கன்னா அந்த கட்டைய கேட்டு வாங்கிட்டு வாங்க, பத்து வருஷ வேலை ஒரே நாள்ல முடிஞ்சுது, வெட்ட வெட்ட துளுக்கும், இலையும் சுண்டுவிரல் நகம் சைசுக்கு இறங்கும்.

சோலைக்காட்டுக்குள்ள போயி எதையும் தோண்டிட்டு வந்துறாதீங்க, அது கேசு.

கோவை_மாடித்தோட்டம்:

குறுக்க வரேன் மன்னிக்கணும். ஒரு ஆன்லைன் கடையில ஆஷ் போன்சாய் விதைன்னு நீல இலை படம் போட்டு விக்கறாங்க, பாக்கெட் வெளிநாட்டுல இருந்து வருமாம். கோயம்புத்தூர் மொட்டை மாடியில வருமா? வாங்கலாமா?

மஞ்சூர்_அக்கா:

நீல இலை ஆஷ் உலகத்துலயே கிடையாதுங்க, அது கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சது. வெளிநாட்டு விதைய பர்மிட்டும் அந்த நாட்டு பயிர் சுகாதார சான்றிதழும் இல்லாம வரவழைக்கக் கூடாது, 2003 பிளான்ட் குவாரன்டைன் ஆர்டர்ல இருக்கு. ஆஷ் விஷயத்துல இத சும்மா சட்டத்துக்காக சொல்லல. போலந்துல 1992ல ஆஷ் மரமெல்லாம் நுனியில இருந்து காஞ்சு வர ஆரம்பிச்சுது, காரணம் ஒரு பூஞ்சை, கிழக்காசியாவுல அங்கத்த ஆஷ்கூட சண்டை போடாம இருந்தது, ஐரோப்பாவுக்கு வந்ததும் ஆட்டம் காட்டிருச்சு. 2012ல இங்கிலாந்துல கண்டுபுடிச்சதும் ஆஷ் செடி, விதை ரெண்டோட இறக்குமதிக்கும் தடை போட்டாங்க. அமெரிக்காவுல 2002ல மிச்சிகன்ல பச்சை கலர் வண்டு ஒண்ண பாத்தாங்க, எமரால்ட் ஆஷ் போரர், பட்டைக்கு அடியில குடைஞ்சு கோடிக்கணக்குல மரத்த சாச்சுது. நம்ம இமயமலையில நிக்குற ஆஷுக்கு அந்த கதி வேணாம்.

கோயம்புத்தூர் சூட்டுக்கு இமயமலை ஆஷ் வேண்டாங்க. புளி வைங்க, கூட்டிலைதான், கைக்கு அடங்கும்.

உதகை_பெரியவர்:

ரிட்டயர்டு ஆள், நேரம் இருக்கு, கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

வில்பட்டிக்காரர் இலை பெருசுன்னு சொன்னது வாஸ்தவம். ஆனா ஆஷ நான் வேற கண்ணால பாக்கறவன். இலை இல்லாம நிக்கறப்பதான் அது அழகு. சாம்பல் பட்டை, எதிரெதிரா தடிச்ச மொட்டு, நுனி கொஞ்சம் மேல் நோக்கி வளையும். அதனால இங்க முக்கியமான கேள்வி முளைக்குமா முளைக்காதாங்கறது கூட இல்ல, இலைய உதுக்குமா உதுக்காதாங்கறதுதான். நைனிடால் இருக்கறது 29 டிகிரி வடக்குல, நாம 11ல. அங்க டிசம்பர் பகல் பத்து மணி நேரம் சொச்சம், ஜூன்ல பதினாலு. நம்ம ஊர்ல பதினொன்றரைக்கும் பன்னெண்டே முக்காலுக்கும் நடுவுலயே வருஷம் பூரா ஓடிப்போயிடும். மரத்துக்கு குளிர்காலம் வந்துச்சா இல்லையான்னே குழப்பம். பாதி இலைய வச்சுகிட்டு, மொட்டும் விடாம, தூங்கவும் தூங்காம ரெண்டுங்கெட்டானா நிக்கும், அப்படி நாலஞ்சு வருஷம் ஓடுனா சத்து இழந்து போகும்.

அதுக்கு செய்ய வேண்டியது, அக்டோபரோட தழைச்சத்து உரத்த நிப்பாட்டிடணும். நவம்பர் மழை முடிஞ்சதும் தண்ணிய குறைக்கணும், காய விடக் கூடாது, குறைச்சா போதும். டிசம்பர் கடைசியில இலைக்காம்புல பாதிய விட்டுட்டு மிச்சத்த கத்திரியால வெட்டிடுங்க, காம்பு தானா காஞ்சு ரெண்டு வாரத்துல விழுந்துரும், அடியில இருக்கற மொட்டுக்கு சேதாரம் வராது. கிழக்கு ஜாவாவுல மலாங் பக்கம் ஆப்பிள் விளைவிக்கறவங்க இதேதான் பண்றாங்க, பூமத்திய ரேகைகிட்ட குளிர்காலமே கிடையாது, இலைய கையால உருவி மரத்த ஏமாத்தி பூக்க வைக்கறாங்க. இலை போனதும் தொட்டிய கூரைக்கு கீழ வைக்காம திறந்த வெளியில, தோட்டத்துல எது தாழ்வான இடமோ அங்க வைங்க, ராத்திரி குளிர் காத்து இறங்கி அங்கதான் தேங்கும். எங்களுக்கு தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் ஜனவரியில புல்லு வெள்ளையா உறைபனி படியும், அதனால பிரச்சனை இல்ல, கோத்தகிரி கொஞ்சம் இறக்கம், கிழக்கு பாத்த சரிவு, நீங்க இடம் தேடணும். சிமெண்ட் தரை மேல, சுவரு ஓரமா வைக்காதீங்க, பகல் சூட்ட ராத்திரி பூரா கக்கும்.

மண்ணு. தேயிலைக்கு உகந்த மண்ணு ஆஷுக்கு ஆகாது. நம்ம செம்மண் புளிப்பு, பிஎச் 4.5, 5ன்னு இருக்கும், தேயிலைக்கு அது கொண்டாட்டம். ஆஷ் சுண்ணாம்பு இருக்கற மண்ண விரும்பற ஜாதி. செங்கல்ல உடைச்சு சலிச்சு பட்டாணி சைசு ஜல்லி ரெண்டு பங்கு, கழுவுன பருமணல் ஒரு பங்கு, நல்லா மக்குன இலைமக்கு ஒரு பங்கு, இதுல ஒரு பெரிய தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் (புளிப்ப குறைக்கற சுண்ணாம்புக்கல் தூள்). செங்கல் தூள வீசிடுங்க, தூள் இருந்தா மழைக்காலத்துல தண்ணி நிக்கும்.

வேரு. ஆணிவேர் வேகமா இறங்கும். நாலஞ்சு இலை ஜோடி வந்த பிறகு, அடுத்த பிப்ரவரியில மொட்டு உப்பறப்ப எடுத்து ஆணிவேர மூணுல ஒரு பங்கு விட்டு வெட்டிடுங்க, பக்கவேர் எல்லாத்தையும் நாலு பக்கமும் விரிச்சு, அடியில ஒரு ஓட்டு சில்ல வச்சு அது மேல உக்கார வைங்க. வேர் கீழ போக வழியில்லாம பக்கத்துல ஓடும், பின்னாடி மண்ணுக்கு மேல தெரியற வேர்ப் பிடிப்புக்கு இப்ப போடற அஸ்திவாரம் இதுதான். இத முதல் ரெண்டு வருஷத்துல பண்ணாட்டி அப்புறம் பெரிய வெட்டா போயிடும்.

கிளை விஷயத்துல ஆஷ் எதிர் இலை மரம்ங்கறத மறக்காதீங்க. நுனிய கிள்ளுனா ஒண்ணு வராது, ரெண்டு வரும், கவட்டை மாதிரி. அப்படியே விட்டா மரம் பூரா கவட்டையா போயி, பிரியற இடத்துல முடிச்சு தடிச்சு அசிங்கமா இருக்கும். அதனால ஒவ்வொரு கணுவுலயும் மொட்டு உப்பறப்பவே ஒண்ண விரல் நகத்தால தள்ளி விடுங்க. இந்த கணுவுல இடது, அடுத்ததுல வலதுன்னு மாத்தி மாத்தி எடுத்தா கம்பியே இல்லாம தண்டு நெளிஞ்சு ஏறும். தண்டு வெட்டுறப்ப கணுவுக்கு ஒட்டி வெட்டாதீங்க, ஆஷ் குச்சிக்கு நடுவுல மெத்துன்னு சோறு இருக்கும், வெட்டுன இடத்துல இருந்து அடுத்த கணு வரைக்கும் காஞ்சுகிட்டே இறங்கும். அரை இஞ்சு விட்டு வெட்டி, காஞ்ச பிறகு அத சுத்தம் பண்ணுங்க.

கம்பி கட்டுறதுன்னா அந்த வருஷத்து பச்சைக் குச்சியில மட்டும். முத்துன கிளைய வளைச்சா திரும்ப நிமிரும், கிரிக்கெட் ஸ்டம்பு செய்யுற கட்டை, அடிய தாங்கற ஜாதி, உங்க 2 எம்எம் அலுமினியத்துக்கு அடங்காது. பச்சைக் குச்சிக்கு கட்டுனாலும் ஜூன், ஜூலையில வேகமா தடிக்கும், வாரா வாரம் பாருங்க, கம்பி பதிஞ்ச தடம் அந்த வழவழப்பான பட்டையில பல வருஷம் தெரியும்.

இலைய சின்னதாக்கறது கடைசி வேலை. அடிமரம் நீங்க நினைச்ச தடிமன் வந்து கிளையும் அமைஞ்ச பிறகுதான். துளிர் வர்றப்ப முதல் ஜோடி விரிஞ்சதும் நடு நுனிய கிள்ளிடணும், அது சின்ன பென்சில் முனை அளவு இருக்கறப்பவே. கூட்டிலையில எது இலை எது சிற்றிலைன்னு தெரியலன்னா அடியில மொட்டு தேடுங்க, மொட்டு இருக்கற இடத்துலதான் இலை தொடங்குது, அதுக்கு மேல இருக்கற ஏழும் சேந்து ஒரே இலை. உள் கிளைக்கு வெளிச்சம் வேணும்னா இலைத்தண்ட அடி ரெண்டு ஜோடி சிற்றிலை விட்டுட்டு வெட்டிடலாம். முழுசா இலை உரிக்கறது நல்லா திமிரா இருக்கற மரத்துக்கு மட்டும்.

கோத்தகிரி_பச்சை:

ஐயா, அக்கா, அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்தே ஊற போட்டு இன்னிக்கு பிளேட வச்சு கீறிட்டேன், விதை ஒரு நுனியிலதான் இருக்கு, ஆஷ்தான். ஒண்ணு ரெண்டுல உள்ள வெறும் தூள், மத்ததுல அக்கா சொன்ன வெள்ளை கரு அச்சு அசலா தெரிஞ்சுது, அம்மாவையும் கூப்பிட்டு காட்டுனேன், அதோட ஃப்ரிட்ஜ் பர்மிஷனும் கிடைச்சுது (மீன் பக்கத்துல வைக்கக் கூடாதுங்கற கண்டிஷனோட).

தரையா தொட்டியாங்கறதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல. இன்னொரு யோசனை, விதை நிறைய இருக்கு, எல்லாமே முளைச்சா தனித்தனியா வளக்க இடமில்ல, ஒரே தட்டுல சேத்து காடு மாதிரி வச்சா எப்படி இருக்கும்?

கொடை_வில்பட்டி:

அட, இத முதல்லயே சொல்லியிருந்தா நான் அவ்வளவு கடுப்பா எழுதியிருக்க மாட்டேன். காடுதான் சரி. ஒத்த மரம்னா அடிமரம் தடிச்சே ஆகணும், பத்து வருஷக் கணக்கு. காட்டுக்கு ஒல்லியா உசரமா இருந்தாலே அழகு, நாலஞ்சு வருஷத்துல பாக்கற மாதிரி வந்துரும். ஒத்தப்படையில வைங்க, ஏழு இல்ல ஒம்போது. இருக்கறதுலயே தடியானத நடுவுக்கு கொஞ்சம் தள்ளி, ஒல்லியானத பின்னாடியும் ஓரத்துலயும், எந்த மூணும் ஒரே கோட்டுல வராம. நெருக்கத்துல கீழ்க்கிளை தானா செத்துப் போகும், சோலைக்குள்ள நிக்குற மரத்துக்கு மாதிரி தண்டு சுத்தமா ஏறும். இலை பெருசா இருக்கறது கூட காட்டுல அவ்வளவு உறுத்தாது, மேல மட்டும்தான இலை.

தட்டு ஆழமில்லாம அகலமா, ஓட்டை நிறைய. கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் கனமா வரும், தண்ணி நின்னா வேர் போச்சு.

தரையில வைக்கறத பத்தி, என்னைக் கேட்டா வேண்டாம். காட்டெருமைக்காக மட்டும் சொல்லல. வாட்டில்ங்கற ஆஸ்திரேலியா மரத்த கொண்டு வந்து நட்டவனும் நல்லதுன்னு நினைச்சுதான் நட்டான், இன்னிக்கு ஹைகோர்ட் சொல்லி அந்நிய மரத்த வெட்டி எடுக்கற வேலை எங்க மலையிலயும் உங்க மலையிலயும் நடக்குது. ஆஷ்லயே உஹ்தெய்னு ஒரு மெக்சிகோ வகை ஹவாய் காட்டுக்குள்ள பரவி இன்னிக்கு அங்க தலைவலி. காத்துல பறக்கற விதை, புல்வெளி பக்கத்துல தரையில விட்டு மறந்துட்டீங்கன்னா அப்புறம் யாரு பின்னாடி ஓடறது. தொட்டியில வெட்டி வெட்டி வளக்கறப்ப பூக்கவே பூக்காது, பூத்தாலும் கையால கிள்ளிடலாம். ஒண்ணு ரெண்டு மட்டும் தடிக்கணும்னா காய்கறி கழுவுற ஓட்டைக் கூடை பெருசா வாங்கி அதுல வளருங்க, வேர் நுனி ஓட்டையில காத்து பட்டு கருகி உள்ள புதுசா பிரியும், தரையில வர்ற வேகத்துல பாதிக்கு மேல கிடைக்கும், வேரும் ஒழுங்கா இருக்கும்.

மஞ்சூர்_அக்கா:

கூடை யோசனை நல்லா இருக்கு. குரங்கு இருக்கற ஏரியான்னா முதல் ரெண்டு வருஷம் மேல வலை போடுங்க, காட்டெருமையாவது ராத்திரிதான் வரும், அதுங்க பட்டப்பகல்லயே நாத்த உருவி வேர மோந்து பாத்துட்டு தூக்கிப் போடும்.

காடு பண்றதா இருந்தா முளைச்ச வரிசையிலயே லேபில் வைங்க. சீக்கிரம் முளைச்சது, லேட்டா முளைச்சதுன்னு உசரம் மாறி இருக்கும், தட்டுல அடுக்கறப்ப அது உதவும். நேரா ஃப்ரிட்ஜ் போன பங்கையும் அலமாரி பங்கையும் கலந்துடாதீங்க, எது வேலை செஞ்சுதுன்னு இங்க வந்து சொன்னா அடுத்து கேக்கறவங்களுக்கு ஆகும். முதல் பங்கு மூணு மாசத்துல முளைக்கலன்னா தொட்டிய கொட்டிடாதீங்க, அப்படியே ஈரமா நிழல்ல விட்டுட்டு அடுத்த டிசம்பர்ல திரும்ப ஃப்ரிட்ஜ்.

கோத்தகிரி_பச்சை:

சரிக்கா, ரெண்டு டப்பாவுக்கும் தேதி எழுதி ஒட்டிட்டேன். கடைசியா ஒண்ணு, டோலமைட் சின்ன பாக்கெட்டா எங்க கிடைக்கும்? உரக்கடையில கேட்டா 50 கிலோ மூட்டைதான் குடுப்பேன்ங்கறாங்க.

உதகை_பெரியவர்:

மூட்டையா வாங்காதீங்க, ஆயுசுக்கும் தீராது. பக்கத்துல சின்ன விவசாயி யாராவது தேயிலைக்கு போட வாங்கி வச்சிருப்பாங்க, கவாத்து முடிஞ்சு போடறதுண்டு, ஒரு டீ வாங்கிக் குடுத்து ரெண்டு கிலோ கேளுங்க. போடறதுக்கு முன்னாடி உங்க தண்ணிய ஒரு தடவை பிஎச் பேப்பர்ல பாத்துடுங்க, போர் தண்ணி சிலது ஏற்கனவே சுண்ணாம்பா இருக்கும், அப்படி இருந்தா கைப்பிடிய பாதியாக்குங்க.

கோத்தகிரி_பச்சை:

எங்களுது ஊத்துத் தண்ணிங்க ஐயா. பேப்பர் வாங்கி பாத்துட்டு சொல்றேன்.